ஏழு இஞ்ச் கேசிங் பைப்

பூட்டை அறுக்க கிரைண்டரோடு வந்து நிற்பான் என்றுதான் நல்லுசாமி நினைத்தார். தம்பி சாமிதுரை சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்தான்.

நல்லுசாமி சுவரைத் திரும்பிப் பார்த்தார்.

நெஞ்சு உயரத்தில், சுவரோடு சுவராக, இரும்புக் கவ்விகளில் படுத்திருந்தது அந்த ஏழு இஞ்ச் கேசிங் பைப். போர்வெல் போட்டபோது மிஞ்சிய துண்டு. உள்ளே இருப்பது அப்பா காலத்து நாட்டுத் துப்பாக்கி. காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காப்பாற்ற லைசென்ஸ் வாங்கி வைத்திருப்பது.

ஆணியில் தொங்கவிடுவதெல்லாம் இனிமேல் ஆகாது, பூட்டி வைத்தால்தான் லைசென்ஸைப் புதுப்பிப்போம் என்று ஆபீஸில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அந்த நீளத்துக்கு ஊரில் எவன் வீட்டிலும் பீரோ கிடையாது. திருச்சியில் அதற்கென்றே விற்கும் இரும்பு அலமாரியின் விலையைக் கேட்டவர், ஒரு டீகூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டார்.

செட்டிகுளத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் சாமிதுரைதான் ஒரே பகலில் வழி பண்ணினான். பைப்பின் ஒரு முனையை அடைத்தான். மறுமுனைக்குக் கதவு வைத்தான். பூட்டையும் அவனே வாங்கி மாட்டினான். இதைத் திருட வருகிறவன் சுவரையும் சேர்த்துத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று சிரித்தான்.

அந்தத் தம்பியைச் சுடத்தான் போன புரட்டாசியில் நல்லுசாமி துப்பாக்கிக்கு வெடிமருந்து கெட்டித்தார்.

கூட்டுக் கிணற்றில் மோட்டார் முறைத் தகராறு. யார் முறையில் யார் தண்ணீர் இறைத்தது என்று ஆரம்பித்து, ஊரே வேடிக்கை பார்க்க, தம்பி அண்ணனின் சட்டையைப் பிடித்துவிட்டான். பொத்தான் தெறித்து விழுந்தது. வீட்டுக்கு வந்தவர், பன்றிக்குப் போடும் பொடி ரவைக் குண்டுகளைத் தொடவில்லை. ஒற்றை ஈயக் குண்டைக் குழல் வாய் வழியாகப் போட்டுக் கம்பியால் இடித்தார். வெடிக்கிற கேப்பையும் வைத்தார். துப்பாக்கியோடு வாசல்படி வரைக்கும் போனார்.

அதற்கு மேல் கால் எழவில்லை. திரும்பி வந்து, துப்பாக்கியை அப்படியே பைப்புக்குள் தள்ளிப் பூட்டினார். சாவியைக் கொண்டுபோய் அதே கிணற்றில் எறிந்தார். குளிக்கும்போது விழுந்துவிட்டது என்று ஊருக்கு ஒரு கதை.

இது நடந்து ஏழு மாதம். அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை இல்லை. பைப்பின் கதவுப் பக்கம் யாரையும் பாய் போட விடமாட்டார். வெக்கை அடிக்கும் என்று ஏதாவது காரணம் சொல்வார். குண்டு உள்ளேயே கிடக்கும்வரை தான் ஒரு தப்பும் செய்யவில்லை என்று மனதைத் தேற்றிக்கொள்வார். மனம் அவ்வளவு சுலபமாக ஏமாறுகிறதா என்ன? தம்பி பெண் பள்ளிக்கூடப் பையோடு வாசலைக் கடக்கும்போதெல்லாம் குற்றவாளி மாதிரி எழுந்து உள்ளே போய்விடுவார்.

தேர்தல் வந்து எல்லாவற்றையும் கெடுத்தது. லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இன்று சாயங்காலத்துக்குள் ஸ்டேஷனில் ஒப்படைத்தாக வேண்டும். அவர் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்த மனைவி பஞ்சவர்ணம், ஒரு வார்த்தை கேட்காமல் கொழுந்தனுக்கு ஆள் அனுப்பிவிட்டாள்.

பூட்டு திறந்துகொண்டது. பூட்டு வாங்கினால் இரண்டு சாவி தருவார்கள் என்பது இத்தனை நாளில் ஒருநாளும் அவர் புத்தியில் உறைக்கவில்லை.

அன்றைய பதற்றத்தில் துப்பாக்கியின் கட்டைப் பக்கத்தை முதலில் விட்டுத் தள்ளியிருந்தார். குழலின் வாய் கதவுப் பக்கம் இருந்தது. சாமிதுரை அதைப் பிடித்துத் தன் நெஞ்சுக்கு நேராக இழுத்தான்.

சொன்னால், எதற்குக் கெட்டித்தீர்கள் என்று கேட்பான். புரட்டாசியில் காட்டில் நின்றது வெங்காயம் மட்டும்தான். அதைத் தின்ன எந்தப் பன்றியும் வராது என்பது அவனுக்கும் தெரியும். சொல்லாமல் இருந்தால்?

"இழுக்காதடா தொரை. மருந்து கெட்டிச்சிருக்கு."

அவன் நிறுத்தவில்லை. முழுசாக வெளியே எடுத்து, கட்டையைத் தரையில் ஊன்றி, இடிக்கிற கம்பியைக் குழலுக்குள் விட்டான். மருந்து இருந்தால் கம்பி உள்ளே போகாமல் ஒரு சாண் வெளியே நிற்கும். அது அடிவரைக்கும் போய் ணங்கென்று இடித்தது.

"அதைப் பொரட்டாசியிலயே எடுத்துட்டேண்ணே. நீங்க சந்தைக்குப் போயிருந்தப்ப அண்ணி வந்து சொன்னாங்க."

பஞ்சவர்ணம் அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

சாமிதுரை துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிக் கட்டினான். நேரமானால் ஸ்டேஷனில் வாங்க மாட்டார்கள், வண்டியில் ஏறுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

நல்லுசாமி எழுந்திருக்கவில்லை. புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று விரலை மடக்கிக்கொண்டே வந்தவர், தையில் நின்றுவிட்டார்.

காணும் பொங்கலன்று சாமிதுரை பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்தான். வாயைத் திறக்காமல் அவர் காலில் விழுந்தான். பிள்ளைகளையும் விழச் சொல்லிச் சைகை காட்டினான். அவர் யார் நெற்றியிலும் திருநீறு வைக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போனார்.

அப்போதே அவனுக்கு எல்லாம் தெரியும்.