ஜன்னல் சீட்டு

"சீக்கிரம் வா! ஜன்னல் சீட்டு போயிடும்!"

கணவர் பஸ் ஸ்டாப்பில் நின்று கத்தினார். கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய ஒருநாள் லீவு. சினிமாவுக்குப் போகப் போகிறோம் என்று புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வந்த மனைவிக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"போயும் போயும் இந்த டவுன் பஸ்ஸா?"

"ஏறிப் பாரு, அப்புறம் பேசு!"

பஸ் நகர்ந்ததுமே அவர் ஆரம்பித்துவிட்டார்.

"அங்க பாரு, மொட்டை மாடியில முயல் வளர்க்கறாங்க! ஐயோ, இந்தச் சந்துக்குள்ள ஒரு குளம் இருக்குடி!"

"மெதுவா பேசுங்க, மானம் போகுது."

முன் சீட்டுக்காரர் திரும்பினார். "ஊருக்குப் புதுசா சார்?"

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்போது சாலையின் குறுக்கே ஒரு நாய் பாய்ந்தது. கணவரின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது.

டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் சிரித்துவிட்டார். "அண்ணே, இன்னிக்கு பிரேக்கை முன்னாடி ஓட்டறவர் பார்த்துப்பார். லீவு நாள்லயாவது காலுக்கு ரெஸ்ட் குடுங்க!"

முன் சீட்டுக்காரர் விழித்தார்.

"இந்த பஸ்ஸுக்கு டிரைவரே இவர்தாங்க. பல வருஷமா இதே ரூட்டு" என்றார் கண்டக்டர்.

"ஓட்டும்போது ரோட்டைத்தானே பார்க்க முடியும்?" என்றார் கணவர், வெளியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மனைவி அவர் பார்த்த பக்கம் எட்டிப் பார்த்தாள்.

கடைசி ஸ்டாப்பில் அவர் மனசில்லாமல் எழுந்தார். அவள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எங்க எழுந்திருக்கறீங்க? திரும்பும்போது இந்த ஜன்னல்ல ரோட்டோட எதிர்ப்பக்கம் பூரா வரும். உட்காருங்க, சீட்டு போயிடும்!"