செவ்வாய், வியாழன், திங்கள்

கணக்கு அறிக்கையின் கடைசிப் பக்கத்தைப் பார்த்ததும் லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தூக்கிவாரிப்போட்டது.

வீட்டுக்கடன் முடிய இன்னும் ஏழே வருஷம் என்று போட்டிருந்தது.

பதினான்கு வருஷம் என்றுதான் அவர் மனைவி நினைத்துக்கொண்டிருக்கிறாள். பதினொன்று என்பது அவருக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். இந்த ஏழு எங்கிருந்து குதித்தது?

மேஜைக்கு அந்தப் பக்கம் மனைவி புது வங்கியின் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி நர்ஸ், எழுத்து முத்து முத்தாக இருக்கும். வட்டி இப்போது நன்றாக இறங்கியிருக்கிறது. கடனை அங்கே மாற்றிக்கொண்டால் மாதத் தவணை கணிசமாகக் குறையும். திங்கட்கிழமைக்குள் கொடுத்தால் மாற்றும் கட்டணம்கூடக் கிடையாதாம். இன்று சனிக்கிழமை. பழைய வங்கியில் ஆறு வருஷக் கணக்கையும் மொத்தமாக வாங்கிக்கொண்டு இப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தார்.

ஒரு திரைச்சீலை வாங்கவே மூன்று நாள் மல்லுக்கட்டுகிற ஜோடி அது. இந்த விஷயத்தில் மட்டும் இரண்டு பேரும் எடுத்த எடுப்பில் சரி என்றுவிட்டார்கள்.

அவருடைய காரணம் ஞாயிற்றுக்கிழமை. ஆசை ஆசையாக வாங்கிய வீட்டில் இருவரும் சேர்ந்து ஒரு ஞாயிறுகூட உட்கார்ந்ததில்லை. அவருக்கு ஞாயிறுதோறும் அவசர வேலை. அவளுக்கு ஞாயிறுதோறும் டியூட்டி. தவணை குறைந்தால் அவர் அந்த ஞாயிறு வேலையை விட்டுவிட்டு, அவளையும் எப்படியாவது லீவு கேட்கச் சொல்லலாம்.

குறுக்கே நின்றது மாமனார் ஒருவர்தான். வீடு வாங்கியபோது சல்லிக்காசு தரமாட்டேன் என்று சொல்லி, சொன்ன சொல்லைக் காப்பாற்றியவர். ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். ஞாயிற்றுக்கிழமை பூராவும் தனியாக வீட்டுக்குக் காவல் கிடக்கிறேன் என்று ஞாயிறு ராத்திரி தவறாமல் ஒரு பாட்டம் புலம்புவார். மொட்டை மாடியில் உட்கார்ந்து உட்கார்ந்து பின்கழுத்து கறுத்துவிட்டது என்பார். பழைய வங்கியே இருக்கட்டும், அங்கே கவுண்டரில் இருக்கிற பெண் தங்கமான பெண் என்று ஒரு வாரமாக ஒரே பிடிவாதம்.

மெக்கானிக் முதல் பக்கத்துக்குத் திரும்பினார்.

செவ்வாய்க்கிழமைகளில் தவணைக்கு மேல் கூடுதலாகப் பணம் கட்டியிருந்தது. அது அவருடையது. ஞாயிறு வேலை கட்டாயம் என்பதெல்லாம் அவர் விட்ட கதை. வலியப் போய்க் கேட்டு வாங்கிய வேலை. அந்தக் கூலியை அப்படியே கொண்டுபோய்க் கடனில் கட்டிவந்தார். என்றைக்காவது ஒரு நாள், கடன் முடிந்தது என்று அவள் முன்னால் காகிதத்தை நீட்ட வேண்டும். அது ஒன்றுதான் ஆசை.

வங்கியிலிருந்து வீட்டுக்குத் தபால் வரக்கூடாது என்று ஆரம்பத்திலேயே எழுதிக் கொடுத்திருந்தார். அதைத்தான் போன வாரமே நிறுத்தியாச்சே என்று கவுண்டர் பெண் அன்றைக்குச் சிரித்தாள். ஏன் சிரித்தாள் என்று அவர் யோசிக்கவில்லை.

செவ்வாய்க்குக் கீழே வியாழன் இருந்தது. எல்லா வாரமும் இருந்தது.

தலையை நிமிர்த்தினார். மனைவியின் பேனா நின்றுபோயிருந்தது. அறிக்கையைத் தலைகீழாகவே படித்துவிட்டாள்.

“செவ்வாய்க்கிழமை யாருங்க?” என்றாள்.

“வியாழக்கிழமை யாரு?” என்றார் அவர்.

இரண்டு பேரும் திருதிருவென்று விழித்தார்கள். முதலில் சிரித்தது அவள்தான். அப்புறம் அவருக்கும் பொத்துக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரியில் ஞாயிறு டியூட்டியை யார் தலையிலும் கட்டியதில்லையாம். அவள்தான் கையைத் தூக்கினாளாம், ஆறு வருஷமாக. சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவருக்கும்தான். ஆனால் அவருடையது சிரிப்பால் வந்ததல்ல. இப்படி ஒரு திருட்டுக்கழுதையைக் கட்டிக்கொண்டோமே என்ற பூரிப்பில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமையை எந்த வங்கியும் தர வேண்டியதில்லை. அது இத்தனை நாளும் அவர்கள் கையில்தான் இருந்திருக்கிறது.

இருந்தாலும் வட்டி குறைகிறதே, அதை விடுவானேன்? இருவரும் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார்கள். பிறகு ஆளுக்கொரு ஃபோனை எடுத்து, நாளைக்கு வரமாட்டேன் என்று வேலை இடத்தில் சொன்னார்கள். காரணம் கேட்டதற்கு, வீட்டில் முக்கியமான வேலை இருக்கிறது என்று இருவருமே ஒரே பொய்யைச் சொன்னார்கள். நாளைக்கு மத்தியானம் வரை தூங்குவது என்று அங்கேயே முடிவாயிற்று. அதை முன்னறை வரைக்கும் கேட்கிற மாதிரி அவள் கத்திச் சொன்னாள்.

மெக்கானிக் அறிக்கையை மடிக்கப் போனவர், மறுபடியும் பிரித்தார்.

செவ்வாயும் வியாழனும் சேர்ந்தால்கூட கணக்கு எட்டு வருஷத்தில்தான் நிற்கிறது. ஏழுக்கு வரவில்லை. விரலை வைத்துக் கீழே இறக்கினார். நடுநடுவே சின்னச் சின்னத் தொகைகள், சில்லறையாக. எல்லாம் திங்கட்கிழமை.

என்னுடையது இல்லை என்று மனைவி தலையாட்டினாள்.

முன்னறையில் ஓடிக்கொண்டிருந்த டிவி நின்றது. மாமனார் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் வாசலில் குனிந்து செருப்பைத் தேடினார். பின்கழுத்து கன்னங்கரேலென்று கறுத்திருந்தது.

“மாப்ளே, நானும் ஒரு எட்டு போய் நாளைக்கு லீவு சொல்லிட்டு வந்துடறேன்.”