முதுகுக்குப் பின்னால் வீடு

ஆபீஸ் பயணம் இரண்டே நாளில் முடிந்தது. மனைவியிடம் வேலை இழுக்கிறது என்றேன், மேலாளரிடம் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்றேன். இருந்தது கடலோர ஓட்டலில். வீடியோ மீட்டிங்கில் குட்டு வெளிப்படாமலிருக்க, எங்கள் வீட்டு அறையின் போட்டோவைத் திரையில் என் முதுகுக்குப் பின்னால் தெரியும்படி வைத்துக்கொண்டேன். புத்தக அலமாரி, சாத்திய கதவு. அவ்வளவுதான் படம்.

நான்காம் நாள் மேலாளர் பாதிப் பேச்சில் சிரித்தார். “பின்னாடி பாப்பா நிக்கிறா பாருங்க.”

திரையில் கதவு திறந்திருந்தது. என் மகள் பள்ளிச் சீருடையோடு, ஒரு தாளை நீட்டிக்கொண்டு நின்றாள். முன்பல் ஒன்றைக் காணோம். நான் கிளம்பும்போது அது ஆடிக்கொண்டுதான் இருந்தது.

“என்னன்னு கேளுங்க. நாங்க காத்திருக்கோம்.”

ஒன்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பினால் ஓட்டல் சுவர்தான். அதில் மாட்டிய என் ஈர நீச்சல் உடைதான். திரும்பாமலே, வீட்டில் எப்போதும் சொல்வதைச் சொன்னேன்.

“அப்பா வேலையா இருக்கேன்மா. அப்புறம் வா.”

அவளும் எப்போதும் போலத் தலையாட்டிவிட்டுப் போனாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

மீட்டிங் முடிந்ததும் மனைவி போன் செய்தாள்.

“இவ புதுசா பொய் பேசக் கத்துக்கிட்டா. அப்பா ரூமுக்குள்ளதான் இருக்காரு, அப்புறம் வான்னு சொல்லிட்டாருன்னு ஒரே அழுகை. காலி ரூம்ல அப்பா எங்கேர்ந்துடி வந்தாருன்னு முதுகுல ஒண்ணு வச்சேன். நீங்களே சொல்லுங்க.”

போன் கைமாறியது. மறுமுனையில் விசும்பல் கேட்டது.

“பொய் சொல்லக் கூடாதும்மா” என்றேன்.