தங்கலட்சுமியின் இடம்

"எடம் இல்லக்கா" என்று சொல்லி, காலியாக இருந்த மூலையில் தன் தூக்குச்சட்டியை வைத்தாள் மாரிக்கனி.

தங்கலட்சுமி ஆட்டோவில் வைத்த காலை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

எம்.ரெட்டியபட்டியிலிருந்து அரசு நூல் மில்லுக்குப் போகும் ஷேர் ஆட்டோ அது. அதில் அவரவருக்கு ஓர் இடம் உண்டு. மாறி உட்கார்ந்தால் சண்டைதான். அந்த மூலை பல வருஷமாகத் தங்கலட்சுமியுடையது.

ஆனால் அவள் செய்தது சாதாரணக் காரியமா? மில் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் சார்பில் அவள் ஒருத்திதான் டைரக்டர். தனியாருக்கு விற்க விடமாட்டாள் என்று நம்பித்தான் எல்லாரும் சேர்ந்து அனுப்பினார்கள். அவளோ விற்பனைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து நிற்கிறாள்.

"ஏன்னு கேட்டா, மீட்டிங்குல பேசுனத வெளிய சொல்லக்கூடாதுங்கிறா" என்றாள் ஆட்டோவில் இருந்த அனுசியா.

"சூப்பர்வைசர் வேலை பேசி முடிச்சிருப்பா" என்றாள் மாரிக்கனி.

அவள் வயிற்றெரிச்சல் அவளுக்கு. தற்காலிகத் தொழிலாளி, புருஷன் இல்லை, படிக்கிற பெண்கள் இரண்டு பேர். மில் கை மாறினால் முதலில் வெளியே போவது அவளைப் போன்றவர்கள்தான்.

மில் கை மாறிய அன்று, கணக்கை முடித்து அனுப்புவார்கள் என்று நினைத்துக்கொண்டேதான் போனாள். புது மேனேஜர் ஹாரிஸ் அடையாள அட்டையை நீட்டினார்.

"சார், நான் டெம்பரவரி."

"டெம்பரவரி எல்லாரையும் எடுத்திருக்கோம்மா. உங்க டைரக்டரம்மா விட்டாத்தானே? ஒப்பந்தத்துல இவுகளையும் சேத்து எழுதுங்க, அப்பத்தான் கையெழுத்துன்னு உக்காந்துட்டாக. அவுக சம்மதம் இல்லாம விக்க முடியாது. நேத்தோட எல்லாம் முடிஞ்சிருச்சு, இனிமே சொல்லலாம்."

மாரிக்கனி அட்டையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"அக்காவுக்கு எந்த செக்சன் சார்?"

"அவுகளுக்கு இங்க வேலை கிடையாதும்மா. விக்கச் சம்மதிச்ச டைரக்டரு, வாங்குன கம்பெனியில சேரக்கூடாதுன்னு ஒப்பந்தத்துலயே இருக்கு. தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டாக."

சாயங்காலம் ஊர் நெருங்கும்போது, ரோட்டோரப் பருத்திக் காட்டில் கூலிக்குப் பஞ்செடுத்துக்கொண்டிருந்த தங்கலட்சுமியைப் பார்த்தாள். ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, செடிகளுக்கு நடுவே ஓடினாள். கழுத்தில் தொங்கிய அட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

தங்கலட்சுமி மடியில் கட்டியிருந்த பஞ்சைச் சாக்கில் கொட்டிவிட்டு, அட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.

"எல்லாருக்கும் குடுத்துட்டாகளா?"

"குடுத்துட்டாகக்கா. நாங்க சோறு திங்கிறது ஒன்னாலதான்."

"சரி, ஆட்டோ நிக்குது பாரு. பொழுது போயிருச்சு, ஏறு. நானும் வீட்டுக்கு நடக்கணும்."

மாரிக்கனி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே ரோட்டில் நின்ற ஆட்டோக்காரரைப் பார்த்துக் கத்தினாள்.

"ஆண்டிச்சாமிண்ணே, அந்த மூலையில இருக்க தூக்குச்சட்டிய எடுங்க. அக்கா வாராக."