கத்தி படாத சிங்கம்

பூசணிக்காய் மேசைமேல் சாம்பல் பூத்து உட்கார்ந்திருந்தது.

"சிங்கம் மஞ்சள்தானேம்மா? இது ஏன் வெள்ளையா இருக்கு?" என்று கேட்டார் மிருக டாக்டர், ஏதோ ரிசப்ஷனிஸ்ட்தான் அதை விதைபோட்டு வளர்த்துப் பறித்து வந்தவள் மாதிரி.

அவள் காயை வாங்கி வந்தவரைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் நாய்களைக் குளிப்பாட்டும் அண்ணன் அவர்.

"பூசணின்னீங்க, பூசணி வாங்கிட்டு வந்தேன். மஞ்சளா இருந்தா அது பரங்கி, சார்."

நியாயம்தான். ஆனால் நியாயத்தின் மேல் வண்ணம் ஒட்டாது. சாம்பலின் மேலும் ஒட்டாது.

கட்டடச் சங்கத்தின் சுற்றறிக்கை சுவரில் தொங்கியது. ஒவ்வொரு கடையும் ஒரு பூசணிக்காயை ஒரு மிருகமாக்கி வாசலில் வைக்க வேண்டும். வண்ணம் பூசலாம், எதையும் ஒட்டலாம். கத்தி மட்டும் படக்கூடாது. பன்னிரண்டு மணிக்குச் சங்கத் தலைவர் நேரில் வந்து பார்வையிடுவார்.

போன வருஷக் கோப்பை மேல்மாடிப் பல் டாக்டரம்மாவுக்கு. அவர் செய்தது முயல். முன்பல் இரண்டும் அவ்வளவு தத்ரூபம். அந்தக் கோப்பை கண்ணில் பட்டுவிடும் என்றே மிருக டாக்டர் ஒரு வருஷமாக மாடிப்படி ஏறவில்லை.

"மிருகத்துல போய் பல் டாக்டர்கிட்ட தோத்தா, நாளைக்கு எவன் நம்மகிட்ட நாயக் கூட்டிட்டு வருவான்?"

அவளுக்குக் கோப்பை வேண்டாம். ஒரு தாளில் கையெழுத்து வேண்டும். இன்று சாயங்காலத்துக்குள் வேண்டும். அந்தத் தாளை இந்த மாதத்தில் மூன்று முறை நீட்டியாயிற்று. மூன்று முறையும் மடிப்பைக்கூடப் பிரிக்காமல் "அப்புறம்" என்று திருப்பித் தந்துவிட்டார். இன்று காலை நான்காவது முறை.

"லீவு லெட்டர்தானே? முதல்ல சிங்கம். அப்புறம் கையெழுத்து."

அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பிரஷ்ஷை எடுத்தாள்.

பூசிய மஞ்சள் சாம்பலோடு சேர்ந்து தோலாக உரிந்து வந்தது. பாத்திரம் தேய்க்கும் நாரால் காயைத் தேய்த்துக் கழுவி, நாய் துவட்டும் துண்டால் துடைத்து, மறுபடி பூசினாள். அதற்குள் டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சிங்கத்தின் தாடை எலும்பைப் பற்றிப் பாடம் எடுக்கத் தொடங்கியிருந்தார். அவருடைய மூன்று பட்டங்களும் வாசல் பலகையில் இருந்தன. அவர் கடைசியாகச் சிங்கத்தைப் பார்த்தது பள்ளிக்கூடச் சுற்றுலாவில்.

"கண்ணுல ஒரு கம்பீரம் வேணும்மா."

கம்பீரம் ஏற்றினாள். முறைப்பு வந்தது.

"கொஞ்சம் கருணையும் வேணும்."

கருணை ஏற்றினாள். தூக்கம் வந்தது.

பிடரிக்குப் பஞ்சு ஒட்டினாள். அது ஈரத்தில் வழுக்கிக் கீழே இறங்கித் தாடியானது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தாலும் பாதகமில்லை, குரங்கும் ஒரு மிருகம்தான். இது எதில் சேர்த்தி என்று அவளுக்கே தெரியவில்லை.

மணி பதினொன்றே முக்காலுக்கு டாக்டருக்கு ஞானம் பிறந்தது. தையல் போட்ட நாய் புண்ணை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டிவிடும் பிளாஸ்டிக் புனல் ஒன்றைக் கொண்டுவந்து பூசணிக்கு மாட்டினார்.

"இதோ பிடரி!"

குளிப்பாட்டும் அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார்.

சங்கத் தலைவர் சரியாகப் பன்னிரண்டுக்கு வந்தார். குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை குனிந்தார்.

"ஐயோ பாவம். பூனைக்கு என்ன ஆபரேஷன்?"

போச்சு, கையெழுத்து போச்சு என்று நினைத்தாள் அவள்.

"குடும்பக் கட்டுப்பாடு," என்றார் டாக்டர், இமைகூடக் கொட்டாமல். "நோயாளிப் பூனை. நாங்க நெனச்சதே அதான் சார். காலையிலேர்ந்து பூனை பூனைன்னு இவங்க உயிர வாங்கிட்டேன். இல்லியாம்மா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள் உண்டு என்று அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். ஆளையும் காயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"ஆமாம் சார். பூனைதான்."

அந்த ஆமாமை அவள் சும்மா சொல்லவில்லை.

கோப்பை கிடைத்தது. டாக்டர் அதை மார்போடு அணைத்துக்கொண்டு பூனைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். அவள் தாளை நீட்டினாள். கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல், தாளைப் பூசணியின் தலைமேல் வைத்து, மடிப்புக்குக் கீழே ஒரு கையெழுத்தை இழுத்தார். ஓரத்தில் காயாத மஞ்சள் ஒட்டிக்கொண்டது.

"சீக்கிரம் வந்துடணும், என்னம்மா? நீ இல்லாட்டி இங்க ஒண்ணும் ஓடாது."

"நாளைக்கே வந்துடுவேன் சார்."

அது பொய்யில்லை.

பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தவள் தெருவில் இறங்கவில்லை. மாடிப்படி ஏறினாள்.

பல் டாக்டரம்மா தாளை வாங்கி மடிப்பைப் பிரித்து, நிதானமாக முதல் வரியிலிருந்து படித்தார். 'இவரைப் பணியிலிருந்து விடுவிக்கச் சம்மதிக்கிறேன்' என்ற இடத்தில் தலையாட்டினார். பிறகு ஓரத்திலிருந்த மஞ்சளை நகத்தால் சுரண்டினார்.

"என்னது இது?"

"சிங்கம், மேடம்."