பன்னிரண்டாவது ஸ்வெட்டர்

"மூச்சை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுங்க. கையைத் தூக்குங்க. இறக்காதீங்க, தூக்கிட்டே இருங்க!" என்று பெரியத்தை அதட்டினாள்.

மாப்பிள்ளை இழுத்தார். ஏற்கெனவே இழுத்து வைத்த மூச்சுக்கு மேல் இடமில்லாமல் முகம் சிவந்தார். தலை மட்டும் ஒருவழியாக வெளியே வந்தது. மற்றதெல்லாம் ஸ்வெட்டருக்குள் இன்னும் போராடிக்கொண்டிருந்தது.

அந்தக் குடும்பத்துக்கு மாப்பிள்ளையாக வருகிறவர் வேறு எந்தப் பரீட்சையும் எழுத வேண்டாம். பெரியத்தை தன் கையால் பின்னிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு இரண்டு வீட்டார் முன்னால் ஒருமுறை நின்றால் போதும். அதன் பிறகுதான் கல்யாணத் தேதி குறிப்பார்கள்.

இதுவரை பதினொரு ஸ்வெட்டர்கள், பதினொரு மாப்பிள்ளைகள். எல்லாம் தைத்து ஒட்டியது போலப் பொருந்தின. ஸ்வெட்டர் சேராமல் ஒரு சம்பந்தம் திரும்பிப் போனது என்ற பேச்சு, தான் இருக்கும்வரை இந்த வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது என்பது பெரியத்தையின் வைராக்கியம்.

பன்னிரண்டாவது ஸ்வெட்டர் அன்று காலையில்தான் முடிந்தது. இப்போது அது மாப்பிள்ளையின் வயிற்றில் மாட்டிக்கொண்டு கீழே இறங்க மறுத்தது. கைகளோ அவருடைய விரல்களையெல்லாம் விழுங்கிவிட்டு, இன்னும் பசி என்பது போலத் தொங்கின.

"உடம்பு போட்டுட்டீங்க மாப்பிள்ளை."

"இல்லீங்களே. ரெண்டு வருஷமா இதே எடைதான்."

"அப்ப கை மட்டும் சுருங்கிடுச்சாக்கும்?"

"சுருங்கறதுக்கு என் பையன் என்ன கம்பளியா?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா, காபிக் கோப்பையைக் கீழே வைக்காமலே.

பெரியத்தை ஈரத் துண்டைப் போட்டு நாலு பக்கமும் இழுத்துப் பார்த்தாள். கம்பளி நீளவில்லை, மாப்பிள்ளைக்குத் தும்மல்தான் வந்தது. அந்த ஒரு தும்மலில் பக்கவாட்டுத் தையல் படபடவென்று விட்டு, உள்சட்டை எட்டிப் பார்த்தது.

பெண்ணின் அப்பா வழக்கம்போலத் தன் அக்கா பெரியத்தையின் முகத்தைப் பார்த்தார். சொந்தமாக ஒரு முகம் வைத்துக்கொள்ளும் வேலையை அவர் எப்போதோ அக்காவிடம் ஒப்படைத்துவிட்டார்.

"என் பின்னல்ல தப்பு வராது. அளவு தப்பு" என்று தீர்ப்புச் சொன்ன பெரியத்தை, மூக்குக்கண்ணாடிக் கூட்டிலிருந்து ஒரு சீட்டை எடுத்து விரித்தாள்.

அது கல்யாணப் பெண்ணான தம்பி மகளின் கையெழுத்து. கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணே போய் மாப்பிள்ளையைத் தொட்டு அளவெடுப்பதா? விரல் நுனி பட்டாலும் குடும்ப மானம் என்னாவது? அதனால் மாப்பிள்ளையின் அக்காவிடம் போனில் கேட்டு எழுதி வரும்படி பெரியத்தை அவளிடம் சொல்லியிருந்தாள். மறுநாளே சீட்டு வந்தது. மார்பு ஐந்து சாண். கை மூன்று சாண், நாலு விரல்.

"என்னடி இது, சாண் கணக்கு?"

"அவங்க வீட்டுல டேப் இல்லையாம் அத்தை. அந்த அக்கா கையும் என் கை அளவுதான்."

டேப்கூட இல்லாத வீட்டில் பெண் கொடுக்கிறோமே என்று பெரியத்தை அன்றைக்கே முகம் சுளித்தாள். பிறகு தம்பி மகளின் கையை விரிக்கச் சொல்லி, ஸ்கேலை வைத்து ஒரு சாணுக்கு எத்தனை அங்குலம் என்று கணக்குப் போட்டுப் பின்ன உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகும் அந்தப் பெண் இரண்டு மூன்று முறை பக்கத்தில் வந்து நின்றாள். "அத்தை, ஒரு விஷயம் சொல்லணும்."

"கண்ணி எண்ணிட்டிருக்கேன். வாயைத் திறக்காதே."

ஒரு மாதமாகியும் பெரியத்தை கண்ணி எண்ணி முடிக்கவில்லை.

இப்போது அவள் சீட்டை மாப்பிள்ளையின் அக்காவிடம் நீட்டினாள். "கோவிச்சுக்காதீங்க. கௌரவமான வீட்டுல அளவெடுக்க ஒரு டேப் வாங்கி வச்சிருப்பாங்க. சாண் போட்டு அளந்தா இப்படித்தான் ஆகும்."

அந்த அக்கா கைப்பையைத் திறந்தாள். மஞ்சள் டேப் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பிறகு ஒரு வெள்ளை டேப். பிறகு சுருட்டி மடக்கும் டேப்.

"நான் பன்னெண்டு வருஷமாத் தையல் கடை நடத்துறேங்க. எங்க வீட்டுல ஆளுக்கொரு டேப் இருக்கு. அளவு வேணும்னு எங்ககிட்ட யாரும் கேக்கவே இல்லையே!"

மாப்பிள்ளை ஸ்வெட்டரைக் கழற்றும் முயற்சியில், தலை மாட்டி முனகிக்கொண்டிருந்தார். பெரியத்தை முதுகு வளையாமல் தம்பி மகள் பக்கம் திரும்பினாள்.

"அப்ப இது யார் கொடுத்த அளவுடி?"

தம்பி மகள் எழுந்து வந்தாள். மாப்பிள்ளை கழற்றிய ஸ்வெட்டரைப் பதமாக வாங்கினாள். மேஜைமேல் பரப்பி, அதன் கையின்மீது தன் கையை விரித்து அளந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு நாலு விரல். சரியாக மணிக்கட்டுப் பட்டியில் வந்து முடிந்தது.

ஸ்வெட்டரை மடித்து மார்போடு அணைத்துக்கொண்டு அவள் சொன்னாள்:

"அளவு சரியாத்தான் இருக்கு அத்தை. ஆளைத்தான் நீங்க மாத்திட்டீங்க."