வாசலைப் பார்த்த நாற்காலி

ரெஜினா பார்லரைத் திறந்ததும் சுகந்தி உள்ளே வந்து, வாசலைப் பார்த்துக் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். முந்தாநாள் ரெஜினா சூடான வேக்ஸ் தடவி முடியை இழுத்து எடுத்த அவளுடைய புருவங்களின் கீழே தோல் உரிந்து, சிவந்து, நீர் கோத்திருந்தது.

"கத்தாழை ஜெல் தரேன், தடவுங்க. ரெண்டு நாள்ல ஆறிடும்."

"எதுவும் வேணாம். சும்மா உக்காரத்தான் வந்தேன்."

"வர்றவங்க பயந்துடுவாங்க. எந்திரிங்க."

"பயப்படட்டும்."

பதினோரு மணிக்குள் இரண்டு பேர் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு வாசலோடு திரும்பிப் போனார்கள். மூன்றாவதாக வந்த கல்லூரிப் பெண் மட்டும் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல் வந்து சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டாள். ரெஜினா குச்சியில் வேக்ஸை எடுத்தாள். முதுகில் சுகந்தியின் பார்வை குத்தியது. கை தானாக நின்றது.

"முகப்பருவுக்கு க்ரீம் ஏதாவது போடறியாம்மா?"

"தினமும் போடறேன்க்கா. ஏன்?"

ரெஜினா குச்சியிலிருந்த வேக்ஸைக் கிண்ணத்தின் விளிம்பில் வழித்தாள்.

"ஏன்னு சொல்லுங்க," என்றாள் சுகந்தி. "நானும்தான் போடறேன். எங்கிட்ட கேக்காதத அவகிட்ட கேட்டீங்கல்ல, சொல்லுங்க."

"அந்த க்ரீம் தோல மெலிசாக்கிடும். வேக்ஸ இழுக்கும்போது தோலும் சேர்ந்து வந்துடும்."

சொல்லிவிட்டு ரெஜினா திரும்பிப் பார்த்தாள். சுகந்தி எழுந்திருக்கவில்லை; அடுத்து யார் வருகிறார்கள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.